சிப்பிப்பாறையின் கழுத்தும் கோதண்டத்தின் வேலையும்

ஒரகடத்தில் நாய் மாஸ்டர் வீடு எது என்று கேட்டால், பால் குடிக்கிற குழந்தைகூட கோதண்டத்தின் வீட்டைக் கை காட்டும். அந்தக் கோதண்டத்துக்கு நாய் என்றாலே குலை நடுங்கும் என்பது அவர் மனைவி மீனம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் படப்பைச் சந்தையில் ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்வி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர் அவர். அன்றிலிருந்து எதிரே நாய் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துவிடுவார். கல் எடுக்கிறான் என்று நாய் ஓடிவிடும். பார்க்கிறவர்களுக்கோ, மாஸ்டரைக் கண்டு நாயே மரியாதையாக ஒதுங்குகிற மாதிரி இருக்கும்.

மாஸ்டர் பட்டம் வந்ததும் ஒரு கூத்துதான். தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது ஊர் உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு இந்த ரோடு முழுக்க போலீஸ், போலீஸோடு அவர்களுடைய நாய்கள். பள்ளிக்கூடத்தில் கட்டியிருந்த அந்த நாய்களுக்குத் தண்ணீர் தூக்க ஆள் கேட்டார்கள். கூலி கிடைக்கிறதே என்று போனார் கோதண்டம். வாளியைத் தூரத்தில் வைத்து, ஒரு நீளமான சவுக்குக் கம்பால் கொஞ்சம் கொஞ்சமாக நாய்ப் பக்கம் தள்ளிவிட்டு வந்துவிடுவார். ஆனால் டீக்கடையில் வந்து சொல்லும்போது கம்பு காணாமல் போய்விடும்.

"அதுங்கோ கண்ணைப் பாத்து ஒரே ஒரு சொல்லு சொல்லணும். பொட்டிப் பாம்பா ஒக்காந்துடும்" என்பார்.

டீக்கடை சின்னப்பையன் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்பான்: "அப்ப இன்னா மாஸ்டரு, எங்க தெரு நாய்க்கும் ஒரு சொல்லு சொல்றது? ராத்திரியெல்லாம் கத்தினு கீது."

"தெரு நாய்க்கு இங்கிலீஷ் வெளங்காதுடா."

இப்படிக் கேலியில் முளைத்த பட்டம், கேலி என்று தெரியாத ஓர் ஆள் காதில் போய் விழுந்தது. அவர் பரசுராமன். ஊருக்கு மேற்கே எழும்பிக்கொண்டிருந்த புதுக் கம்பெனியின் சூப்பர்வைசர். சுவர் பாதி, கூரை பாதி நின்ற காலம் அது. கோதண்டத்தின் நிலமும் அந்தச் சுவருக்கு உள்ளேதான் இருந்தது. நிலம் வாங்கும்போது, வீட்டுக்கு ஒருத்தருக்கு பெர்மனென்ட் வேலை என்று வாய் இனிக்கச் சொன்னார்கள். பத்திரம் முடிந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் இனிப்பு குறைந்துகொண்டே போனது. கோதண்டத்துக்குக் கிடைத்தது தினக்கூலி வாட்ச்மேன் வேலை. காக்கிச் சட்டைகூட அவருடைய சொந்தச் சட்டைதான். உழுத நிலத்துக்கே காவல் இருக்கிறோமே என்று அவர் வருத்தப்பட்டதில்லை. அந்த பெர்மனென்ட் மட்டும் வந்துவிட்டால் போதும் என்று இருந்தார்.

பரசுராமன் ஒரு நாள் கூப்பிட்டார்.

"கோதண்டம், நீ போலீஸ் நாய்க்கே ட்ரெய்னிங் குடுத்தவனாமே?"

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நிற்பது சூப்பர்வைசர். "ஏதோ நம்மால முடிஞ்சது சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"முதலாளிக்கு அபூர்வமான நாய்ங்க மேல பைத்தியம். மெட்ராஸ்ல அவர் வீட்டுல இல்லாத ஜாதி கிடையாது. இப்ப நம்ம நாட்டு ஜாதி ஒண்ணு வாங்கியிருக்காரு. ஊர்ப்பட்ட பேர்கிட்ட இருக்காதாம். ஆயுத பூஜைக்குப் பெரிய மனுஷங்களைக் கூட்டிட்டு இங்க வர்றாரு. அப்ப அந்த நாய் கேட்டாண்ட ஜம்முனு உக்காந்திருக்கணும். சொன்ன பேச்சு கேக்கணும். கேட்டுச்சுன்னா பெர்மனென்ட்டுக்கு உன் பேரை நானே சொல்றேன்."

"கேக்கலைன்னா சார்?"

"அப்புறம் நாய் மாஸ்டர்னு ஒருத்தன் நமக்கு எதுக்கு?"

இரண்டு நாளில் நாய் வேனில் கோதண்டத்தின் வீட்டு வாசலுக்கே வந்து இறங்கியது. கோதண்டத்துக்கு வந்த முதல் எண்ணம் பயமில்லை, பரிதாபம். இதையா அபூர்வம் என்றார்கள்? சந்தன நிறம். குச்சிக் கால். வில் மாதிரி வளைந்த முதுகு. விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணலாம். வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முகமோ வேலி இடுக்கில்கூட நுழைந்துவிடும், அவ்வளவு ஒடுக்கம். கழுத்து மட்டும் நீளமாக, தலையைவிடத் தடிமனாக இருந்தது.

ஓட்டிவந்த டிரைவர் ஜோயல் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். "அண்ணாச்சி, இது சிப்பிப்பாறை. முயல் விரட்டுத நாய். பேரு டியூக். இது ஒல்லியாத்தான் இருக்கும், அதுதான் அழகு. சோறு அள்ளிப் போட்டுராதீய, என்ன?" என்று தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனான். நாய்க்கென்று பாலும் முட்டையும் இறைச்சியும் கம்பெனிக் கணக்கில் தினமும் வரும் என்றும் சொன்னான். கூடவே ஒரு பெட்டியையும் இறக்கினான். முதலாளி அனுப்பிய கழுத்துப் பட்டைகள், எல்லாம் சீமைச் சாமான்.

முதலில் தோல் பெல்ட். அதை ஜோயலே மாட்டிவிட்டிருந்தான். கோதண்டம் சங்கிலியைப் பிடித்து இரண்டடி இழுத்தார். நாய் முன்னே வரவில்லை. பின்னே ஓர் எட்டு வைத்துத் தலையைக் குனிந்தது. பெல்ட் அந்த ஒடுக்கமான முகத்தின் வழியாக மோதிரம் மாதிரி கழன்று வந்துவிட்டது. கோதண்டத்தின் கையில் சங்கிலி, சங்கிலியின் நுனியில் வெறும் பெல்ட். நாய் செம்மண் மேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் தானாகத் திரும்பி வந்து மீனம்மாளின் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அதுவரை கோதண்டத்தின் உயிர் உடம்பில் இல்லை.

இரண்டாவது, உள்பக்கம் முழுக்க இரும்பு முள் வைத்த பட்டை. இழுத்தால் முள் கழுத்தில் குத்தும், நாய் வழிக்கு வரும் என்று பெட்டியில் படமே போட்டிருந்தது. கோதண்டம் முள்ளை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். அவருக்கு நாயின் வலி ஞாபகத்துக்கு வரவில்லை, தன்னுடைய கெண்டைக்கால்தான் வந்தது. குத்தினால் வலிக்கும். வலித்தால் கடிக்கும். பக்கத்தில் இருக்கிறவனைத்தானே கடிக்கும்? முள் பட்டை பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போனது.

மூன்றாவது, பளபளவென்று ஒரு சோக் செயின், இழுக்க இழுக்கக் கழுத்தை இறுக்குகிற சங்கிலி. எந்தப் பக்கமாக மாட்டுவது என்று தெரியவில்லை. நாயின் கழுத்தில் மாட்டிப் பார்க்கத் தைரியம் இல்லாததால் தன் கழுத்திலேயே மாட்டிப் பார்த்தார். இழுத்தார், இறுகியது. விட்டார், விடவில்லை. இன்னும் கொஞ்சம் அசைத்தார், இன்னும் இறுகியது. கண் பிதுங்க நின்றவரை நாய் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மீனம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். "இன்னாயா இது? கழுத்துல சங்கிலி மாட்டிகினு கண்ணை உருட்டுற? நாய் எது, மாஸ்டர் எதுன்னே தெர்ல!"

வளையத்தைப் பின்னால் தள்ளி, சங்கிலியைத் தளர்த்தி எடுத்தாள். கோதண்டம் ஐந்து நிமிஷம் இருமினார்.

"இதை வாயில்லாத ஜீவனுக்கு மாட்டச் சொன்னவன் எவன்? அவன் கழுத்துல மாட்டு மொதல்ல."

"முதலாளிதான்மே."

"யாரா இருந்தா இன்னா?"

பரணில் கிடந்த பழைய கட்டில் நாடாவை எடுத்தாள். நாலு விரல் அகலம், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் துணியாட்டம் ஆகிவிட்ட நாடா. இரண்டாக மடித்துத் தைத்து, இரண்டு வளையம் கோத்து, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டாள். இழுத்தால் பட்டை கொஞ்சம் இறுகும், முடிச்சு வளையத்தில் வந்து இடித்து நின்றுவிடும், அதற்கு மேல் இறுகாது. நாய் பின்னே போனாலும் தலை கழன்று வராது. தொண்டையும் நெரியாது. கன்றுக்குட்டிக்கு அவள் வீட்டில் அப்படித்தான் போடுவார்களாம். அவளே அதை நாயின் கழுத்தில் மாட்டினாள். நாய் அவள் கையை நக்கியது.

கோதண்டம் மறுநாள் டீக்கடையில், "முள்ளு பட்டையெல்லாம் நம்ம கொள்கைக்கு ஒத்துவராது. அன்பால அடக்கணும்" என்று சொல்லிக்கொண்டார்.

அன்பைப் பற்றிப் பேசியதுதான் தப்பாகப் போயிற்று. சின்னப்பையன் பிடித்துக்கொண்டான்.

"அன்பு இருக்கட்டும் மாஸ்டரு. கம்பெனியில நாய்க்குன்னு பாலு, முட்ட, கறின்னு வருதாமே. நாயி எலும்பா கீது. ஒன் கன்னம் மட்டும் பளபளன்னு கீதே, எப்புடி?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கோதண்டம் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஒல்லியாகத்தான் இருக்கும், அதுதான் ஜாதி லட்சணம் என்று அன்றும் மறுநாளும் சொல்லிப் பார்த்தார். யார் நம்புவது? ஒட்டிய வயிற்றைப் பார்த்து, இதுதான் அழகு என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கு வாய் வரும்? செலவை மிச்சம் பிடிக்க முதலாளி கட்டிவிட்ட கதை என்றார்கள் சிலர். நாய்ச் சோற்றைத் தின்கிறவன் என்றார்கள் மற்றவர்கள்.

மீனம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வூட்டு வாசல்ல ஒரு ஜீவன் எலும்பும் தோலுமா நின்னா, எவ வூட்டுல போய் நான் மூஞ்சி காட்டுவேன்?" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தாள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்புச் சோறு, கம்பெனி முட்டையோடு வீட்டுக் கோழி முட்டை. கல்யாண வீட்டில் மிஞ்சிய பிரியாணி. பக்கத்து வீட்டுக்காரிகளும் பாவம் பார்த்து ஆளுக்கு ஒரு கை சோறு வைத்தார்கள். தட்டு வரும்போதெல்லாம் கோதண்டம் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று "சிட்" என்பார். தட்டு கீழே இறங்கும்வரை நாய் எப்படியும் உட்கார்ந்து காத்திருக்கத்தான் போகிறது. அது உட்கார்ந்ததும், தான் சொன்னதால் உட்கார்ந்தது என்று அவரும் நம்பினார்.

போகப்போக அவர் சொல்லாமலே அது உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருப்பதே அபூர்வமாகிவிட்டது. இடுப்பு உருண்டு, முதுகு தட்டையாகி, விலா எலும்பு இருந்த இடம் தெரியாமல் போனது. தெரு நாய் ஒன்று சௌகரியமான வீட்டில் வளர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பரசுராமன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வெரி குட். செக்யூரிட்டின்னா பாக்க இப்படித் தாட்டியா இருக்கணும்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கோதண்டத்துக்குப் பயமும் போய்விட்டது. கம்பைத் தூக்கிப் போட்டார். பெர்மனென்ட் சட்டைக்குத் துணி எந்தக் கடையில் எடுப்பது என்றுகூட யோசித்தார்.

ஆயுத பூஜை வந்தது. ஷெட்டில் முதல் மெஷினுக்கு மாலை போட்டு, வாழைக் கன்று கட்டி, எதிரே பலகை விரித்திருந்தார்கள். அவரவர் தொழில் சாமானை அவரவர் கொண்டுவந்து வைத்தார்கள். கொத்தனார் கரணையை வைத்தார். ஃபிட்டர் ஸ்பேனரை வைத்தார். புல்டோசர் டிரைவர், எலுமிச்சம்பழம் நசுக்க வண்டியை எடுக்க வேண்டும் என்பதால், சாவிக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். நம் தொழிலுக்கு எது சாமான் என்று கோதண்டம் யோசித்தார். நாடாப் பட்டையைக் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து ஸ்பேனருக்குப் பக்கத்தில் சாத்தினார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. நாய் வெறுங்கழுத்தோடு கேட்டருகே உட்கார்ந்திருந்தது. ஓடிவிடுமே என்ற கவலை ஒருத்தருக்கும் இல்லை. அது காலையிலேயே பொங்கலும் வடையும் சாப்பிட்டிருந்தது.

முதலாளியின் கார் நின்றது. கூட வந்த பெரிய மனிதர்களிடம், "ஒரு நிமிஷம், என் சிப்பிப்பாறையைப் பார்த்துட்டுப் போகலாம். மின்னல் மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கோதண்டம் விறைத்து நின்று, "டியூக், சிட்!" என்றார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நாய் கொட்டாவி விட்டது.

முதலாளி நாயைப் பார்த்தார். கோதண்டத்தைப் பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்தார்.

"என் நாய் எங்கே?"

"இதான் சார்."

"யாரை ஏமாத்தறே? இது தெரு நாய். பெல்ட் இல்லாம என் நாய் ஒரு நிமிஷம் உக்காருமா? இந்நேரம் காஞ்சிபுரத்துல இருக்கும். எவன்கிட்ட வித்தே?"

பரசுராமன் அவசரமாக ஓர் அடி தள்ளி நின்றார். "எனக்கும் ஆரம்பத்துலேர்ந்தே ஒரு டவுட்டு சார்" என்றார்.

கேட்டில் கூடியிருந்த ஊர் ஜனம் முணுமுணுத்தது. அதில் சின்னப்பையனும் இருந்தான். நிலைமை அப்போதுதான் கோதண்டத்துக்குப் புரிந்தது. நாய் சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்தே இருந்தால் இவன் திருடன். எழுந்து ஓடினால் அது முதலாளியின் நாய்தான், ஆனால் மூன்று மாதமாக ஒன்றும் சொல்லித்தராத உதவாக்கரை இவன். எந்தப் பக்கம் போனாலும் பெர்மனென்ட் இல்லை. உதவாக்கரை என்று வீட்டிலேயே தினம் கேட்டுப் பழகிய சொல். திருடன் என்பது பழகாத சொல்.

"ஓடுடா டியூக்கு" என்றார் மெதுவாக.

நாய் வாலை ஆட்டியது.

"டேய், ஓடுடா! ஓடித் தொலைடா!" என்று கை கூப்பினார். கூடவே மீனம்மாளும் கூட்டத்திலிருந்து, "கண்ணு, ஓடு கண்ணு, மானம் போவுது" என்று கத்தினாள். நாய்க்கு இந்தப் பாடம் யாரும் நடத்தவில்லை. அது இன்னும் வசதியாக உட்கார்ந்தது.

டோசருக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் காத்திருந்தார்கள். கோதண்டம் டிரைவரிடம் ஓடினார். "அண்ணே, பழத்தை இங்க நசுக்காதே. அதோ, அந்த முள்ளுக் குவியல் பக்கமா வெச்சு நசுக்கு." வெட்டிப் போட்ட வேலிக்காத்தான் குவியலுக்குள் முயல் குடியிருப்பது விடியற்காலையில் காவல் நிற்கிறவருக்குத்தான் தெரியும். டிரைவருக்கு எந்தப் பக்கம் நசுக்கினால் என்ன? வண்டி உறுமியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. குவியலிலிருந்து சாம்பலாக ஒன்று தெறித்து வெட்டவெளியில் பாய்ந்தது.

அடுத்த நொடி கேட்டருகே நாய் இல்லை. களியும் கருவாடும் எங்கே போயின என்று தெரியவில்லை. பின்னங்கால் இரண்டும் முன்னங்காலைத் தாண்டி விழ, முதுகு வில்லாக வளைந்து நிமிர, நாலு காலும் தரையில் இல்லாமல் பறந்தது. வரப்பு, பள்ளம், ஜல்லிக் குவியல் ஒன்றும் அதன் கண்ணில் படவில்லை.

"அதுதான்! என் நாய்தான்! அந்தக் காலைப் பாருங்க!" முதலாளி சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். பெரிய மனிதர்களும் தட்டினார்கள். பரசுராமன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

தட்டி ஓய்ந்ததும் முதலாளி, "சரி, கூப்பிடு" என்றார்.

கோதண்டம் கூப்பிட்டார். தமிழில் கூப்பிட்டார், போலீஸ் இங்கிலீஷில் கூப்பிட்டார். நாய் ஏரிக்கரைப் பக்கம் ஒரு புள்ளியாகி மறைந்தது.

"மூணு மாசமா என்னய்யா சொல்லிக்குடுத்தே?"

"ஒக்கார மட்டும்தான் சார். மத்ததெல்லாம் அதுவாத்தான் செய்யுது."

பூஜை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நாய் திரும்பி வந்தது. முயல் தப்பிவிட்டது. நாக்கு தரையில் தொங்க, இரைத்துக்கொண்டு முதலாளியைத் தாண்டியது. கோதண்டத்தைத் தாண்டியது. மீனம்மாளின் காலடியில் போய்த் தொப்பென்று விழுந்தது.

"இந்த அம்மா யாரு?"

"என் சம்சாரம் சார்."

"இவங்கதான் சாப்பாடு போட்டதா?" முதலாளி நாயின் இடுப்பை அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போய் வந்தது. "சிப்பிப்பாறையை இந்த மாதிரி ஆக்க முடியும்னு நான் கேள்விப்பட்டதே இல்லை. இதையே பெருக்க வெச்சவங்க, ஆளுங்களுக்குச் சமைச்சா ஒருத்தனும் பசியோட லைன்ல நிக்க மாட்டான்." பரசுராமன் பக்கம் திரும்பினார். "கேன்டீனுக்கு ஆள் தேடிட்டிருந்தீங்களே. இவங்களை எடுத்துக்குங்க. பெர்மனென்ட். நாயை நான் மெட்ராஸுக்கே கொண்டுபோறேன், இங்க இருந்தா கன்னுக்குட்டி ஆயிடும்."

கோதண்டம் மெல்ல, "சார், அப்ப என் பேரு..." என்று இழுத்தார்.

"வீட்டுக்கு ஒருத்தர்னுதானே பேச்சு?" என்றார் பரசுராமன். அந்தப் பேச்சு அவருக்கு ஞாபகம் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பெனி ஓட ஆரம்பித்தது. மீனம்மாளுக்கு நீலப் புடவை, அடையாள அட்டை, கேன்டீனில் முதல் ஷிஃப்ட். கோதண்டம் கேட்டில், அதே சொந்தக் காக்கியில். உள்ளேயிருந்து வெளியே போகிற எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பது வாட்ச்மேன் வேலை. ஷிஃப்ட் விட்டதும் வரிசையில் மீனம்மாளும் வந்து நிற்பாள்.

"பையைக் காட்டு."

"இன்னாயா, என் பையையுமா? பொழுதுக்கும் இதே ரோதனை."

"ரூல்ஸு. பெர்மனென்டா இருந்தாலும் காட்டித்தான் ஆவணும்."

அவள் பையை விரித்துக் காட்டுவாள். உள்ளே கேன்டீன் சாம்பார் மணக்கிற ஒரு தூக்குச் சட்டி இருக்கும். கோதண்டம் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். பின்னால் நிற்கிறவர்கள் காது கேட்க, "சரி, போ" என்பார். தூக்கு அவருடைய ஸ்டூலுக்கு அடியிலேயே தங்கிவிடும்.